பகுத்தறிவு மனவெழுச்சி நடத்தைச் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

இழப்பு, கடன், நோய், தேர்வுத் தோல்வி, குடும்பப் பிணக்கு ஆகியவை எல்லோர் வாழ்விலும் வருகின்றன. ஆயினும் ஒரே வகை இழப்பைச் சந்தித்த இருவரில் ஒருவர் வருந்துகிறார். பின்னர் எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கிறார். மற்றவர் உறக்கம் இழந்து, உணவை வெறுத்து, வீட்டை விட்டு வெளியே வராமல் முடங்கிவிடுகிறார். இந்த வேறுபாட்டிற்கு உடல்நிலை, முன்னைய அனுபவம், குடும்பத்தின் ஆதரவு, கையிருப்பு எனப் பல காரணங்கள் உண்டு. நடந்ததைப் பற்றி ஒருவர் தமக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதும் அக்காரணங்களுள் ஒன்று. அந்த உட்பேச்சைக் கண்டறிந்து, ஆராய்ந்து, மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையே பகுத்தறிவு மனவெழுச்சி நடத்தைச் சிகிச்சை ஆகும். இது ஆர்.ஈ.பி.டி. என்றும் சுருக்கமாக அழைக்கப்படுகிறது.

மனநல ஆலோசனை பெறுவோர், பெற எண்ணுவோர், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார் ஆகியோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள இரும்பையையும், மரக்காணம் உப்பளக் கடற்கரையையும் சார்ந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன.

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், இப்பக்கத்தை முழுவதும் படிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

இச்சிகிச்சை எவ்வாறு தோன்றியது?

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் (1913–2007) 1955-ஆம் ஆண்டில் இம்முறையை உருவாக்கினார். அவர் முதலில் உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி பெற்றவர். பழைய நினைவுகளை ஆண்டுக்கணக்கில் அலசுவதால் மட்டும் பலருடைய துன்பம் குறையவில்லை என்று கண்டார். இன்று அவர்களை வாட்டும் எண்ணத்தை நேரடியாக எடுத்துப் பேசத் தொடங்கினார். இளமையில் மேடையில் பேச அஞ்சிய அவர், மீண்டும் மீண்டும் மேடையேறிப் பேசியே அந்த அச்சத்தைப் போக்கிக்கொண்டவர். எண்ணத்தை மாற்றுவது மட்டும் போதாது, செய்தும் பழக வேண்டும் என்ற கருத்து இச்சிகிச்சையில் ஆழமாக வேரூன்றியிருப்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். 1993-இல் சிகிச்சையின் பெயரிலேயே ‘நடத்தை’ என்ற சொல்லை அவர் சேர்த்தார்.

மனிதரைக் கலங்கவைப்பவை நிகழ்வுகளைவிட அந்நிகழ்வுகளைப் பற்றிய அவர்களுடைய கருத்துகளே என்று கருதிய கிரேக்க மெய்யியலாளர் எபிக்டீட்டஸின் சிந்தனையை எல்லிஸ் தம் முறைக்கு அடிப்படையாகக் கொண்டார். 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையும் எல்லிஸின் முறையும் சேர்ந்து, இன்று உலகெங்கும் வழங்கப்படும் அறிதிறன்–நடத்தைச் சிகிச்சைகளுக்கு அடித்தளம் அமைத்தன.

இரண்டு சொற்களைப் பற்றிய விளக்கம்

தமிழ்நாட்டில் ‘பகுத்தறிவு’ என்றால் கடவுள் மறுப்பு என்றே பலரும் எண்ணுவது வழக்கம். இச்சிகிச்சையில் அச்சொல்லுக்கு அப்பொருள் இல்லை. ஓர் எண்ணம் உண்மையோடு பொருந்துகிறதா, நமக்கு உதவுகிறதா என்று ஆராய்வதையே அது குறிக்கிறது. அதுபோலவே இங்கு ‘நம்பிக்கை’ என்பது இறைநம்பிக்கையைக் குறிப்பதன்று. ஒருவர் தம்மைப் பற்றியும் பிறரைப் பற்றியும் உலகைப் பற்றியும் மனத்தில் உறுதியாகக் கொண்டுள்ள எண்ணத்தைக் குறிக்கிறது. உங்கள் வழிபாட்டையோ சமயத்தையோ விட்டுவிடுமாறு எந்த ஆலோசகரும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது.

நிகழ்வு, நம்பிக்கை, விளைவு

இச்சிகிச்சையின் அடிப்படை அமைப்பு ஆங்கில எழுத்து வரிசைப்படி ஏ, பி, சி என்று கற்பிக்கப்படுகிறது. தமிழில் அதை நிகழ்வு, நம்பிக்கை, விளைவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மரக்காணத்தில் உப்பு விளையும் காலம் வெயில் காலமே. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அளத்து வேலை நின்றுவிடும். பருவம் தவறிப் பெய்யும் ஒரு மழை, வாருவதற்குத் தயாராகப் பாத்தியில் கிடக்கும் உப்பைக் கரைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் போன்ற பேரிடரில் உப்பளங்களே நீரில் மூழ்கும். இவை நிகழ்வுகள்.

உப்பு கரைந்த நாளில் ஒருவர், “பெரிய இழப்புதான். இந்த மாதம் மிகவும் கடினம். யாரிடம் உதவி கேட்கலாம்?” என்று எண்ணுகிறார். இன்னொருவர், “இப்படி நடந்திருக்கவே கூடாது. இதை என்னால் தாங்கவே முடியாது. நான் ஒன்றுக்கும் உதவாதவன்” என்று எண்ணுகிறார். இவை நம்பிக்கைகள்.

முதலாமவருக்கு வருத்தமும் கவலையும் ஏற்படுகின்றன. ஆயினும் அவர் எழுந்து நடக்கிறார். இரண்டாமவர் மனச்சோர்விலும் வெட்கத்திலும் ஆழ்கிறார். இவை விளைவுகள்.

நிகழ்வு இருவருக்கும் ஒன்றே. நிகழ்வு பொய் என்றோ சிறியது என்றோ இச்சிகிச்சை சொல்வதில்லை. நிகழ்வுக்கும் விளைவுக்கும் இடையில் ஒரு படி இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. கரைந்த உப்பை மீட்க முடியாத நாளிலும் அந்த இடைப்படியில் ஏதேனும் செய்ய முடியும்.

‘வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்

துன்பத்தைப் பெருக்கும் எண்ணங்களில் நான்கு வகைகளை எல்லிஸின் முறை சுட்டிக்காட்டுகிறது.

• கட்டாயப்படுத்தும் எண்ணம்: “நான் நினைத்தபடி நடந்தே தீர வேண்டும்.”
• பேரழிவாகக் காணும் எண்ணம்: “இதைவிடக் கொடியது உலகில் எதுவும் இல்லை.”
• தாங்க முடியாது என்னும் எண்ணம்: “என்னால் இதைப் பொறுக்கவே முடியாது.”
• முழு மனிதருக்கும் தீர்ப்பு எழுதும் எண்ணம்: “நான் உதவாக்கரை.” “அவன் மனிதனே இல்லை.”

இவற்றுள் முதலாவதே மற்ற மூன்றுக்கும் வேர் என்று எல்லிஸ் கருதினார். தமிழில் இதைக் கண்டறியச் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. ஏனெனில் நம் மொழியில் விருப்பத்தையும் கட்டாயத்தையும் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்பது விருப்பம். “நாளைக்குள் பணம் கட்ட வேண்டும்” என்பது கட்டாயம். “மகள் நன்றாகப் படிக்க வேண்டும்” என்று ஒருவர் சொன்னால், அது விருப்பமா கட்டாயமா என்பது சொல்லிலிருந்து மட்டும் தெரியாது.

கட்டாயம் பெரும்பாலும் ஏகாரத்திலும், ‘தீர’, ‘ஆக’ போன்ற சொற்களிலும் வெளிப்படுகிறது: “படித்தே தீர வேண்டும்”, “கட்டியே ஆக வேண்டும்”, “அவர் அப்படிப் பேசியிருக்கவே கூடாது”. உங்கள் மனத்தில் ஓடும் வாக்கியத்தை மெல்லச் சொல்லிப் பாருங்கள். அதில் இந்த அழுத்தம் இருக்கிறதா? இருந்தால், “அப்படி நடந்தால் மிகவும் நல்லது, நடக்க என்னால் ஆனதைச் செய்வேன், நடக்காமலும் போகலாம்” என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். விருப்பம் சிறிதும் குறையவில்லை. கழுத்தை நெரித்த பிடி மட்டும் தளர்கிறது.

வருத்தம் வேறு, முடக்கும் துயரம் வேறு

இச்சிகிச்சை உங்களை எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்வதன்று. இழப்பு நேர்ந்தால் வருந்துவதும், ஆபத்து வந்தால் கவலைப்படுவதும், அநீதி இழைக்கப்பட்டால் சினம் கொள்வதும் இயல்பானவை, பயனுள்ளவையும்கூட. முடக்கிவிடும் உணர்ச்சியைச் செயல்பட உதவும் உணர்ச்சியாக மாற்றுவதே இதன் நோக்கம்.

• மனச்சோர்வுக்கு மாறாக வருத்தம்
• பீதிக்கு மாறாகக் கவனமான கவலை
• தன்னைச் சிதைக்கும் குற்றவுணர்வுக்கு மாறாகச் செய்த தவறுக்கான வருத்தமும், அதைச் சரிசெய்யும் முயற்சியும்
• வெறிகொண்ட சினத்துக்கு மாறாக உறுதியான எதிர்ப்பு

“எல்லாம் நன்மைக்கே என்று எண்ணிக்கொள்” என்பது இச்சிகிச்சையின் அறிவுரை அன்று. நன்மையல்லாதவையும் நடக்கின்றன. அவை நடந்த பின்னும் வாழ முடியும் என்பதே இது கற்பிக்கும் பாடம்.

ஊரறிந்த ஒரு கதை

இரும்பை மாகாளேசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்று. அக்கோயிலோடு தொடர்புடைய கடுவெளிச் சித்தர் கதையை இப்பகுதியினர் பலரும் அறிவர். திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் காற்சிலம்பு கழன்று விழுந்தது. சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கூட்டம் அவரை எள்ளி நகைத்தது. சினந்த சித்தர் இறைவனை நோக்கிப் பாட, சிவலிங்கம் பிளந்தது என்று தல வரலாறு கூறுகிறது. மன்னன் மன்னிப்பு வேண்டியபின் சித்தரின் சினம் தணிந்தது. பிளந்த லிங்கம் செப்புத் தகட்டால் பிணைக்கப்பட்டு இன்றும் வழிபடப்படுகிறது.

சித்தர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. மன்னிப்புக் கேட்டதற்கும் தணிந்ததற்கும் உரிய மதிப்பை இக்கதை தருகிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தின் சிரிப்பு என்ற நிகழ்வும் சினம் என்ற விளைவும் நம் வாழ்விலும் உண்டு. “ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது” என்ற எண்ணம் இடையில் நிற்கும்போது எவ்வளவு உடைகிறது என்பதைக் கடன் கட்ட முடியாத வீடுகளும், காதல் முறிந்த வீடுகளும், மகன் தேர்வில் தோற்ற வீடுகளும் அறியும். உடைந்ததை எறிந்துவிடாமல் பிணைத்து வைத்துத் தொடர முடியும் என்பதும் இவ்வூரார் நாள்தோறும் காணும் உண்மை.

ஆலோசனை அமர்வு எவ்வாறு நடைபெறும்?

பொதுவாக வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம் வரை அமர்வு நடைபெறும். சிலருக்குச் சில வாரங்களும் சிலருக்குச் சில மாதங்களும் தேவைப்படும். முதல் அமர்வில் ஆலோசகர் உங்கள் உடல்நிலை, உறக்கம், மதுப் பழக்கம், உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்பவற்றைக் கேட்பார். பின்னரே எண்ணங்களை ஆராயத் தொடங்குவார். மூன்று வகைக் கேள்விகள் அடிக்கடி வரும்.

• இந்த எண்ணத்துக்குச் சான்று என்ன?
• ஒன்றிலிருந்து மற்றொன்று உண்மையில் பின்தொடர்கிறதா?
• இவ்வாறு எண்ணுவது உங்களுக்கு உதவுகிறதா?

கீழுள்ள உரையாடல் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது. யாருடைய சொந்த வரலாறும் அன்று. உப்பு கரைந்து, மனைவி பெயரில் வாங்கிய குழுக் கடனைக் கட்ட முடியாமல், மூன்று வாரமாக வீட்டிலேயே இருக்கும் 46 வயது அளத்துத் தொழிலாளி ஆலோசகரிடம் பேசுகிறார்.

“பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்டியே ஆகணும் அம்மா. கட்ட முடியாதவன் என்ன அப்பன்?”

“கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, ஐயா. மூன்று வாரமாக இதை மனத்தில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள்?”

“தூக்கம் எங்கே வருது.”

“கடன் இருப்பது உண்மை. கட்டணம் கட்ட வேண்டியிருப்பதும் உண்மை. அவற்றைப் பிறகு பேசுவோம். யாரைப் பார்க்கலாம் என்று எழுதியே தருகிறேன். இப்போது நீங்கள் சொன்ன இன்னொன்றைக் கேட்கிறேன். பக்கத்துப் பாத்தியில் உங்களோடு உப்பு வாருகிறவருக்கும் இதே நிலைமைதானே?”

“அவனுக்கும் எல்லாம் போச்சு. அவன் பையனும் படிக்கிறான்.”

“அவரிடம் போய், ‘நீ என்ன அப்பன்’ என்று கேட்பீர்களா?”

“சேச்சே. அதெப்படி அம்மா கேட்பது? மழை பெய்ததற்கு அவன் என்ன செய்வான்?”

“சரி, ஐயா. அவருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?”

அவர் நெடுநேரம் பேசவில்லை. ஆலோசகரும் பேசவில்லை. பிறகு, “பணம் இல்லாத அப்பன்னு சொல்லலாம். அப்பனே இல்லைன்னு சொல்ல முடியாதுதான்” என்றார்.

இந்த இடத்தில் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்க் காலநீட்டிப்புக் கேட்க அவரால் முடியும். “நான் அப்பனே இல்லை” என்று எண்ணும் ஒருவரால் அந்தப் படியை ஏற முடிவதில்லை.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

அமர்வில் பேசியதை வாழ்வில் செய்து பார்ப்பது இச்சிகிச்சையின் இன்றியமையாத பகுதி. பொதுவாக வழங்கப்படும் பயிற்சிகள் வருமாறு:

• எழுதிப் பார்த்தல்: ஒரு தாளில் நிகழ்வு, நம்பிக்கை, விளைவு என மூன்று பத்திகள் வரைந்து, மனம் கலங்கிய ஒரு நிகழ்வை நாள்தோறும் எழுதுங்கள். நான்காம் பத்தியில் அந்த எண்ணத்தை நோக்கி ஒரு கேள்வியும், ஐந்தாம் பத்தியில் கிடைத்த புதிய எண்ணமும் எழுதலாம். எழுதப் பழக்கம் இல்லாதவர் கைப்பேசியில் பேசிப் பதிந்து வைக்கலாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லலாம்.
• கற்பனைப் பயிற்சி: அஞ்சும் நிகழ்வை மனக்கண்ணில் கண்டு, எழும் பீதியைக் கவலையாக மாற்றும் எண்ணத்தைத் தேடிப் பழகுதல். இதை முதலில் ஆலோசகருடன் சேர்ந்தே செய்யுங்கள்.
• தவிர்த்ததைச் செய்தல்: வெட்கத்தால் செல்லாமலிருந்த கடைக்கோ, உறவினர் வீட்டுக்கோ, குழுக் கூட்டத்துக்கோ ஒருமுறை சென்று வருதல். சிறியதில் தொடங்குங்கள்.

ஒரு வாரம் எழுதத் தவறினால், “இதையும் ஒழுங்காகச் செய்ய முடியாதவன்” என்று உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த வாக்கியத்தையே தாளில் எழுதிக்கொண்டு அடுத்த அமர்வுக்குச் செல்லுங்கள்.

இச்சிகிச்சை பயன் தருகிறதா?

ருமேனியாவில் கடும் மனச்சோர்வுக்காகப் புறநோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற 170 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2008-இல் வெளியானது. இச்சிகிச்சை, பெக்கின் அறிதிறன் சிகிச்சை, ஃபுளுஆக்சிடின் மருந்து ஆகிய மூன்றும் 14 வாரங்களின் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. ஐம்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிந்தைய மதிப்பாய்வு ஒன்று, இச்சிகிச்சையின் பயன் நடுத்தர அளவினது என்று கண்டது. அதாவது இது உதவும் சிகிச்சை. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் அருமருந்து அன்று. நீங்கள் மருந்து உட்கொண்டு வந்தால், ஆலோசனை தொடங்கியதைக் காரணமாகக் கொண்டு மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

எப்போது வேறு உதவி முதலில் தேவை?

• காதில் குரல்கள் கேட்டல், காரணமற்ற கடும் ஐயம், பல நாள் உறக்கமின்றி மிகையான ஊக்கம் ஆகியவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரைக் காண வேண்டும்.
• நாள்தோறும் மது அருந்தியவர் திடீரென நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். இது மருத்துவ அவசர நிலை. 108-ஐ அழையுங்கள்.
• வீட்டில் அடி, உதை, மிரட்டல் இருந்தால் முதல் தேவை பாதுகாப்பு. பெண்கள் 181, குழந்தைகள் 1098 எண்களை அழைக்கலாம். அடிபடுபவரிடம் “உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்வது சிகிச்சை ஆகாது.
• கடன் வசூலிப்போர் மிரட்டினால் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.
• அண்மையில் ஒருவரை இழந்த துயரத்தில் இருப்போரிடம் எண்ணங்களை ஆராயத் தொடங்குவதற்கு முன், அழவும் பேசவும் இடம் தர வேண்டும்.

குறைந்த கூலியையும் கொதிக்கும் வெயிலையும் வாய்மூடி ஏற்றுக்கொள்ளச் சொல்லும் சிகிச்சையும் இது அன்று. “இப்படி நடக்கக் கூடாது” என்று சுவரில் முட்டிக்கொண்டிருந்த ஆற்றலை, கேட்க வேண்டிய இடத்தில் சென்று கேட்கும் ஆற்றலாக மாற்றுவதே இதன் பயன்.

பராமரிப்போர் செய்யக்கூடியவையும் செய்யக் கூடாதவையும்

• முதலில் கேளுங்கள். “இதற்கெல்லாமா கவலைப்படுவது?” என்ற கேள்வி பேச்சை அடைத்துவிடும்.
• “உன் எண்ணம்தான் தவறு” என்று சொல்லாதீர்கள். எண்ணத்தை ஆராய்வது பயிற்சி பெற்றவரின் வேலை. வீட்டில் அதே சொல் பழியாகவே கேட்கும்.
• செயலைக் குறை கூற நேர்ந்தால் செயலை மட்டும் கூறுங்கள். “இன்று மருந்து சாப்பிடவில்லை” என்பது வேறு. “நீ திருந்தவே மாட்டாய்” என்பது வேறு.
• சிறு முயற்சிகளைக் கவனித்துச் சொல்லுங்கள்: “இன்று கடைவரை போய் வந்தாயே.”
• உங்கள் மனத்தையும் பாருங்கள். “நான் அவரைக் குணப்படுத்தியே தீர வேண்டும்”, “எனக்குக் களைப்பே வரக் கூடாது” என்ற கட்டாயங்கள் பராமரிப்போரிடம் மிகுதி. உங்களுக்கும் ஆலோசனை பெற உரிமை உண்டு.

ஆலோசகர்கள் எவ்வாறு பயிற்சி பெறுகின்றனர்?

உங்கள் எதிரில் அமர்பவர் எவ்வாறு பழகியவர் என்பதை அறிவது உங்களுக்கு உதவும். இம்முறையில் பயிற்சி பெறுவோர் முதலில் தம் சொந்தக் கலக்கங்களை எடுத்து நிகழ்வு, நம்பிக்கை, விளைவு என ஆராயப் பழகுகின்றனர். பின்னர் சக பயிற்சியாளரோடு ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் ஆலோசனை கேட்பவராகவும் மாறி மாறி அமர்கின்றனர். அதன் பிறகு, ஒப்புதல் பெற்றுப் பதிவுசெய்த அமர்வுகளை மூத்தவர் கேட்டுத் திருத்துகிறார். எல்லிஸே நியூயார்க்கில் பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமை மாலைகளில் பார்வையாளர் முன்னிலையில் ஆலோசனை நடத்திக் காட்டினார்.

புதிய ஆலோசகர்கள் பெரிதும் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, கேட்டு முடிக்கும் முன் வாதாடத் தொடங்குவது. மற்றொன்று, “வந்தவரை நான் குணமாக்கியே தீர வேண்டும்” என்று தாமே கட்டாயத்தில் சிக்குவது. முதல் தவறு கேட்பவரை அவமதிக்கிறது. இரண்டாவது ஆலோசகரைச் சோர்வடையச் செய்கிறது. தமிழில் பணிபுரிவோர், ‘வேண்டும்’ என்ற சொல் விருப்பமாக வருகிறதா கட்டாயமாக வருகிறதா எனச் செவியால் பிரித்தறியத் தனியே பழக வேண்டும். பாடநூலின் ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்த்துக் கேட்டால், அளத்திலிருந்து வந்தவருக்கு அது தேர்வுக் கேள்வி போலவே தோன்றும்.

சிறப்பு வல்லுநர் அல்லாதோரும் முறையான பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் பெற்றால் மனச்சோர்வு உற்றோருக்கு உதவ முடியும் என்பதை, கோவாவில் வேறொரு வகை உளவியல் சிகிச்சையைக் கொண்டு நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேற்பார்வையே அங்கும் முதுகெலும்பு.

ஆலோசனைக்குச் செல்லும்போது நீங்கள் தயங்காமல் கேட்கலாம்:

• உங்கள் கல்வித் தகுதி என்ன? மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துள்ளீர்களா?
• இச்சிகிச்சையில் எங்கு, யார் மேற்பார்வையில் பயிற்சி பெற்றீர்கள்?
• நான் சொல்பவை இரகசியமாக இருக்குமா? எப்போது அது பிறருக்குச் சொல்லப்படும்?

மருந்து எழுதித் தரும் தகுதி மருத்துவருக்கே உண்டு.

உங்கள் உரிமைகள்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி அரசின் மனநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு (பிரிவு 18). உங்கள் மனநலம் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் (பிரிவு 23). தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை (பிரிவு 115). ஆகவே வழக்கு வரும் என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதைத் தாமதிக்காதீர்கள்.

உடனடி உதவி

பின்வரும் அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்: சாவைப் பற்றிப் பேசுதல், “நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுமை குறையும்” என்று கூறுதல், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், திடீரென விடைபெறுவது போலப் பேசுதல்.

• அவரைத் தனியே விடாதீர்கள். “உயிரை விடும் எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது.
• பூச்சிக்கொல்லி, எலிமருந்து, தேவைக்கு மிகுந்த மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள்.
• 14416: டெலி–மானஸ் தொலைபேசி மனநலச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.
• 104: மாநில அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
• 108: நஞ்சு உட்கொண்டிருந்தாலோ காயம் ஏற்பட்டிருந்தாலோ.

நேரில் செல்ல, உங்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாவட்ட மனநலத் திட்டக் குழு வரும் நாளைக் கேட்டறியுங்கள். முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், இரும்பைப் பகுதியினர் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம்.

நினைவில் கொள்க

• துன்பம் உண்மையானது. அதன்மேல் ஏறும் கட்டாயத்தை இறக்கிவைக்கப் பழகலாம்.
• “நடந்தால் நல்லது” என்பதும் “நடந்தே தீர வேண்டும்” என்பதும் ஒன்றல்ல.
• ஒரு செயலில் தோற்றவர் தோற்ற மனிதர் அல்லர்.
• உதவி கேட்பது குறையன்று. முதல் அமர்வுக்குத் தனியே செல்லத் தயக்கமாக இருந்தால், நம்பும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.